சங்கரி விழுந்தால் திறக்கும் பூட்டுகள்

கருங்காட்டுப்பட்டியில் வீட்டுக் கதவில் தொங்கின பூட்டு, ரேசன் கடையில் தொங்கின பூட்டு, அம்மன் கோயில் நடையில் தொங்கின பூட்டு, பீரோப் பூட்டு, சைக்கிள் பூட்டு எல்லாமே ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, பெண்டுகள் தூக்குவாளியும் கையுமாகத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் சாவி போடாமல் தாமாகத் திறந்துகொண்டன. அந்நேரம் செண்பகத்தின் மகள் சங்கரேஸ்வரி குழாயடியில் வலிப்பு வந்து விழுந்து கிடந்தாள். மூணு நிமிசம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "குடம் உருண்டு போயிருச்சாம்மா?" என்று கேட்டதும் ஊரிலுள்ள அத்தனை பூட்டும் டப்பு டப்பென்று பூட்டிக்கொண்டன. ஆச்சரியப்பட்டுக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது கையிலேயே பூட்டிக்கொண்டது.

ஏன் என்று ஊர் ரொம்ப யோசிக்கவில்லை. நாலாம் வகுப்பில் சங்கரிக்கு முதல் முதலாக வலிப்பு வந்ததிலிருந்து, எப்போது எந்த இடத்தில் வந்தாலும், பக்கத்தில் நின்றவர்கள் இடுப்பிலோ பையிலோ இருந்த சாவிக்கொத்தை உருவி அவள் கையில் திணித்து, விரல்களை மடக்கி, இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆறு வருசத்தில் ரேசன் கடைக்காரர் சாவி, பூசாரி சாவி, அடகுக்கடை சண்முகையா சாவி, மினிபஸ் டிரைவர் சாவி, பள்ளிக்கூடத்து ஹெச்.எம். சாவி என்று ஊரில் ஒரு சாவி பாக்கியில்லாமல் அந்தப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் போய் வந்திருந்தது. செண்பகம் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிடும்போது உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தே இது இன்னார் வீட்டுச் சாவி என்று சொல்லிவிடுவாள். இத்தனை சாவியைப் பிடித்த கைக்கு இரும்பு பழகிப்போச்சு என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டது.

அடுத்த தடவை வந்தபோது ஊர் கொஞ்சம் தயாராக இருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் தயாராக இருந்தது. கோயில்பட்டிக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்து மாட்டினார்கள், அதுவும் திறந்தது. பழைய பூட்டு தொங்கின கொண்டியில் தொங்கினதால் புதுசுக்கும் ஒட்டிக்கொண்டது என்று சண்முகையா சொன்னார். சங்கரி குடித்த தம்ளரில் குடித்தால் தம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஏற்கெனவே சொல்லிவந்தவர் அவர். ரேசன் கடைக்காரர் மூட்டைமேல் ஏறி உட்காரப் பழகினார். பூசாரி நடை திறந்துவிட்டால் அது அம்மன் இஷ்டம் என்று சூடம் கொளுத்தினார். மேலத்தெருவில் மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டின செல்போனை எடுத்து, மூணே நிமிசத்தில் தாயோடு பேசி அழுது சிரித்துத் திரும்ப வைக்க ஒரு மருமகள் பழகிக்கொண்டாள். அவள் ஒருத்திதான் எப்போதாவது வாசலில் பார்த்தால், "சங்கரி நல்லாருக்காளாக்கா?" என்று கேட்பவள்.

மற்றவர்கள் கேட்பதில்லை. செண்பகத்துக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது இதுதான். முன்னெல்லாம் பிள்ளை விழுந்தால் நாலு பேர் ஓடிவருவார்கள், தப்போ சரியோ ஒரு சாவியையாவது கையில் திணிப்பார்கள். இப்போது பூட்டு திறந்த சத்தம் கேட்டதும், "செண்பகம் மகளுக்கு வந்திருச்சு" என்று கத்திக்கொண்டு ஊரே ஓடுகிறது, ஆனால் அவரவர் வீட்டுக்கு. கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்கிறார்கள். நடுத்தெருவில் செண்பகமும் மகளும் மட்டும்தான். புருசன் காளிராசன் லாரிக்காரர், மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போன இடத்தில் நர்சம்மா சொல்லியிருந்தாள்: "இரும்பெல்லாம் வேண்டாம்மா. வாயில எதையும் வைக்காத. ஒருக்களிச்சுப் படுக்கவை, தலைக்கடியில துணிய வை, கடிகாரத்தப் பாரு. அஞ்சு நிமிசத்துல தெளிஞ்சிரும். அஞ்சத் தாண்டுச்சுன்னா நூத்தியெட்டு வண்டிக்குப் போன் பண்ணு." இதைச் செண்பகம் மகளுக்குச் சொல்ல, மகள் வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டன. பெரியவர்கள் யாரும் பண்ணவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலேயே சங்கரியை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் பாய் விரித்து உட்காரவைத்துவிட்டார்கள். "பெஞ்சுல இருந்து விழுந்தா மண்டை உடைஞ்சிரும், நாளைக்கு எங்களத்தான் கேப்பாக" என்றார்கள். செண்பகம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்துக்குள் வரக்கூடாது என்று இன்னொரு தாள். சுற்றுலாவுக்கு வரவில்லை என்று இன்னொன்று. அவள் படித்தது அஞ்சாவதுவரை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவளுக்குப் பேச வராது, தாளை நீட்டினால் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்துவிடுவாள். வராந்தாப் பாயிலிருந்து பார்த்தால் கரும்பலகையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் என்ன இருக்கும் என்று சங்கரி தானாகவே போட்டுப் பார்த்துக்கொள்வாள். நாலு வருசம் அப்படிப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லாமல் போனது. பத்தாவது முடித்து, பதினொன்றில் கணக்குப் பிரிவில் சேரவேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து படிக்கவேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

பத்தாவது பரீட்சைக்கு இருபது நாள் இருக்கும்போது ஹெச்.எம். திலகவதி டீச்சர் ஆள் அனுப்பினார்கள்.

சங்கரி தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவ எதுல கையெழுத்துப் போட்டாலும் வாசிச்சிட்டுப் போடும்மா."

"எனக்கு வேகமா வாசிக்க வராதுத்தா."

"மெதுவா வாசி. அவுக எங்க ஓடிறப் போறாக?"

ஹெச்.எம். அறையில் நாற்காலிக்குப் பின்னால் பத்துப் பதினஞ்சு தாய்தகப்பன்மார் நின்றார்கள். சண்முகையா முன்னால் நின்றார். அவர் மகனும் பத்தாவதுதான். செண்பகத்தின் பக்கத்து வீட்டு ராமுத்தாய் மதினியும் இருந்தாள், அவள் மகள் முருகலட்சுமியும் அதே வகுப்பு.

திலகவதி டீச்சர் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். "செண்பகம், நம்ம பள்ளிக்கூடந்தான் பரீட்சை மையம். கேள்வித்தாள் கட்டு அந்தப் பக்கத்து ரூம்லதான் இருக்கும். உன் மகளுக்கு வந்து, ரூம் திறந்து, ஒரு தாள் வெளிய போனாலும் மையத்தையே ரத்துப் பண்ணிருவாங்க. நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க கதி என்னாகும்? அடுத்த வருசம் வேற எங்கயாச்சும் தனியா எழுதிக்கிடட்டும். இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்று ஒரு தாளைத் தள்ளினார்கள்.

செண்பகத்துக்கு மனசுக்குள் வாசிக்கத் தெரியாது. எழுத்தைச் சத்தமாகச் சொன்னால்தான் சொல் சேரும். விரலை வைத்துக்கொண்டு, "என்... மகள்... சங் கரேஸ்... வரி..." என்று ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும் என்று பயந்து நிறுத்தாமல் வாசித்தாள். ஃபேன் சுற்றுகிற சத்தமும் அவள் எழுத்துக்கூட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன. பதினஞ்சு பேரும் அவளோடு சேர்ந்து ஒவ்வொரு எழுத்தாக நடந்தார்கள். நடுவில் ஒருத்தர் இருமினார், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பரீட்... சை... எழு... த... இய... லாது... என்... சுய... விருப்... பத்தின்... பேரில்..."

விரல் நின்றது.

"சுயவிருப்பம்னா யாரு விருப்பம் டீச்சர்?"

"உன் விருப்பந்தாம்மா."

"எனக்கு அப்படி விருப்பம் இல்லையே."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். சண்முகையாதான் பேசினார். "விருப்பம் இருக்கு இல்லங்கிறது பேச்சில்லம்மா. ஒத்தப் பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைக எல்லாம் நாசமாப் போகணுமா? உன் மகளாலதான பூட்டு திறக்குது?"

செண்பகம் தாளில் வைத்த விரலை எடுக்கவில்லை. குனிந்து தாளைப் பார்த்தபடி சொன்னாள்: "சாவிய அவ கேக்கலண்ணாச்சி. நீங்கதான் திணிச்சீக. நீங்களும் திணிச்சீக, டீச்சரும் திணிச்சாக. ஆறாப்புல பிரேயர்ல விழுந்தப்ப அந்த ரூம்புச் சாவியத்தான் குடுத்தாக. பல்லு பல்லா மூணு தழும்பு இருக்கு, வந்து பாருங்க."

யாரும் வந்து பார்க்கவில்லை.

"அது சரி டீச்சர்" என்று ராமுத்தாய் முன்னால் வந்தாள். அவள் தீப்பெட்டி ஆபீசில் கட்டு ஒட்டுகிறவள், கையெல்லாம் எப்போதும் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். "பூட்டு திறக்கும். பசை திறக்குமா?"

"என்னது?"

"நாங்க ஒரு நாளைக்கு எத்தன கட்டு ஒட்டுதோம். லாரி ஏறி, ரயிலேறி, வடக்க தேசமெல்லாம் போகுது. எந்தக் கட்டுல பூட்டுத் தொங்குது? தாளச் சுத்தி ஒட்டிட்டோம்னா கிழிக்காமத் திறக்க முடியாது, கிழிச்சா தெரிஞ்சுபோகும். மைதாவுல மயில்துத்தம் போட்டுக் காச்சுன பசை, எலி கூட வாய் வைக்காது. அந்த ரூம்புக் கதவுல குறுக்கும் நெடுக்கும் தாள் ஒட்டிருதேன். ஒட்டுன தாள் மேல நீங்க கையெழுத்துப் போடுங்க. கேள்வித்தாள் எடுக்கையில நீங்களே கிழிங்க. எடுத்துட்டு மறுபடி ஒட்டுதேன். பரீட்சை முடியுமட்டும் வாசல்ல நானே உக்காந்துருக்கேன்."

"அந்நேரம் உன் வீடு திறந்து கிடக்குமே" என்றார் சண்முகையா.

"எங்க வீட்ல என்னண்ணாச்சி இருக்கு? எங்க வீட்டுக்காரர் உறங்கிட்டு இருப்பாரு. அவரத் தூக்கிட்டுப் போற ஆள் வந்தா சொல்லுங்க, கூடக் கை பிடிச்சுவிடுதேன்."

ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். சிரித்தபிறகு யாராலும் பழையபடி விறைப்பாக நிற்க முடியவில்லை. டீச்சர் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள். கடைசியில் சொன்னார்கள்: "எழுதட்டும். ஆனா ஒண்ணு செண்பகம். பரீட்சை நடக்கும்போது நீ கேட்டுக்கு உள்ள ஒரு எட்டு வைக்கக்கூடாது. பிள்ளைக்கு என்ன ஆனாலும் சரி. தாய் உள்ள போய்ப் பிள்ளையத் தொட்டான்னா, சொல்லிக் குடுத்தான்னு யாராவது ஒரு வரி எழுதிப் போட்டுருவாங்க. அதோட அவ பேப்பர் செல்லாது."

செண்பகம் தலையாட்டினாள். ஆட்டும்போது அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் பரீட்சை அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இங்கிலீசு அன்றைக்கும் நடக்கவில்லை. மூணாவது கணக்கு. முந்தின நாள் சங்கரியை எட்டு மணிக்கே உறங்கவைத்து, விடிய மாத்திரை கொடுத்து, நாக்குக்கு அடியில் இருக்கிறதா முழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கேட்டுவரை கூட்டிவந்து விட்டுவிட்டு, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள் செண்பகம். அன்றைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். காவலாளி கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, கொடிமரத்துப் பக்கம் நிழலுக்குப் போனார்.

பதினொண்ணே முக்காலுக்கு டீக்கடை ஓரமாக நின்ற சைக்கிளின் பூட்டு டக்கென்று திறந்தது.

செண்பகம் எழுந்தாள். கேட்டில் தொங்கின பூட்டு வாயைத் திறந்தது, சங்கிலி சரசரவென்று நழுவி விழுந்தது, கேட்டு தன் பாரத்திலேயே மெதுவாக உள்பக்கம் போய் அகலமாகத் திறந்துகொண்டு நின்றது. தெருவில் "வந்திருச்சு, வந்திருச்சு" என்று ஓடுகிற சத்தம். டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். சாலை காலியானது. அவளும் திறந்த கேட்டும் மட்டும் இருந்தார்கள்.

கேட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் ஹால். எத்தனை தடவை நடந்து எண்ணியிருக்கிறாள். இந்நேரம் பிள்ளை பெஞ்சிலிருந்து எந்தப் பக்கம் சாய்ந்திருப்பாள், இடது பக்கமென்றால் சுவர் இருக்கிறது, வலது பக்கமென்றால் சிமெண்ட் தரை. பல் கிட்டியிருக்கும். கைகால் வெட்டிக்கொண்டிருக்கும். வந்திருக்கிற மேற்பார்வை சார் வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும், வாயில் ஸ்கேலை வைப்பாரோ, தண்ணியை ஊற்றுவாரோ. கேட்டுக்கு அடியில் பதித்த இரும்புக் கம்பி தரையில் ஒரு கோடாகக் கிடந்தது. செண்பகத்தின் பெருவிரல் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொடிமரத்தடியில் காவலாளியையும் காணோம், யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாராவது இருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

டீக்கடைக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிசம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ரெண்டு நிமிசம். தீய்ந்த வாசம் வந்தது. போய் அடுப்பை அணைக்கலாம், அணைக்கப் போனால் பூட்டைப் பார்க்க முடியாது. மூணு நிமிசம். எப்போதும் மூணில் தெளிந்துவிடும். பூட்டு மூடவில்லை. சங்கிலியோடு மண்ணில் வாயைத் திறந்தபடி கிடந்தது. மூணரை. "மூடு" என்றாள் செண்பகம் பூட்டைப் பார்த்து. "மூடு தாயி, மூடு." நாலு நிமிசம். அஞ்சைத் தாண்டினால் வண்டிக்குப் போன் பண்ணு. அஞ்சைத் தாண்டினால் பரீட்சையாவது மண்ணாவது. பிள்ளை இருந்தால்தானே பதினொண்ணாவது. நாலே கால். கம்பிமேல் பாதம் முழுசாக ஏறிவிட்டது. நாலரை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். நாலே முக்கால். மறுகாலைத் தூக்கினாள்.

டப்பென்று பூட்டிக்கொண்டது.

அந்தக் காலை அப்படியே பின்னால் வைத்தாள். வைத்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் பாடு முடியவில்லை. தெளிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதுதான் வழக்கம், ஆறாவதிலிருந்து அதுதான் வழக்கம், விழுந்து எழுந்தால் பையைத் தோளில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. பன்னிரண்டு ஆனது. வரவில்லை. டீக்கடைக்காரர் திரும்பிவந்து அடுப்பைப் பார்த்து, "ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாதாம்மா?" என்று சடைத்துக்கொண்டார். பன்னிரண்டரை. யாரும் வெளியே வரவில்லை. ஒண்ணேகாலுக்குக் கடைசி மணி அடித்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சங்கரி வலது பக்கம்தான் விழுந்தாள். மேற்பார்வை சார் பதறிப்போய்த் தன் பைக் சாவியை உருவிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். முருகலட்சுமி எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாவி வேண்டாம் சார். ஒருக்களிக்கணும். நீங்க கடிகாரத்தப் பாருங்க" என்று சொல்லி, தன் தாவணியை அவிழ்த்து மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறாள். பின்னால் இருந்த பிள்ளைகளும் ஒன்றுபோல, "கடிகாரத்தப் பாருங்க சார்" என்றிருக்கிறார்கள். அதில் சண்முகையா மகனும் உண்டு. சார் பார்த்திருக்கிறார். பக்கத்து அறையில் பூட்டு மூன்றும் திறந்து தொங்க, ஒட்டின தாள் ஒரு நூல் கிழியாமல் நிற்க, ராமுத்தாய் ரெண்டு கையையும் கதவில் விரித்துப் பிடித்துக்கொண்டு, சங்கரி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள். தெளிந்து எழுந்த பிள்ளையைப் பார்த்து, "வீட்டுக்குப் போறியாம்மா?" என்று சார் கேட்டதற்கு, அவள் தரையில் தடவித் தன் பேனாவைத் தேடியிருக்கிறாள்.

சங்கரி வெளியே வந்தாள். நெற்றி ஓரம் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. செண்பகம் தொடப்போனதும் தட்டிவிட்டாள்.

"எட்டு மார்க்குக் கணக்கு ஒண்ணு பாதில நிக்குதும்மா. தெரிஞ்ச கணக்கு! தெளிஞ்சப்புறம் கையி ஓடவே மாட்டேங்குது. விழுந்து கிடந்த நேரத்தச் சேத்துத் தாங்க சார்னு கேட்டேன், அதுக்கு ரூல் இல்லைன்னுட்டாரு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அதான் எழுதிட்டியேத்தா, விடு" என்று சொல்ல வாயெடுத்த செண்பகம் சொல்லவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது, இனி கேட்டுக்குள் போகலாம். போனாள். ஹெச்.எம். அறையில் திலகவதி டீச்சர் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தாள் குடுங்க டீச்சர். பேனாவும்."

"எதுக்கும்மா?"

"இன்னும் ரெண்டு பரீட்சை இருக்குல்ல. என் பிள்ளை விழுந்தா, விழுந்து கிடக்குற நேரத்தக் கடைசில சேத்துக் குடுக்கணும். எழுதித் தாரேன்."

"அப்படிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல செண்பகம்."

"அதிகாரம் உள்ளவுகளுக்கு அனுப்புங்க. நாளைக்கழிச்சு சயின்சு. அதுக்குள்ள பதில் வரணும்."

டீச்சர் தாளைக் கொடுத்தார்கள். செண்பகம் நின்றபடியே மேசை ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினாள். வேலையாக உள்ளே வந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்று கேட்டார்கள், யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. இன்றைக்கு எவ்வளவு நேரம் போச்சு என்று எழுதுகிற இடம் வந்தபோது பேனா நின்றது.

"அஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் கம்மி டீச்சர். கால் நிமிசம் கம்மி. அத எப்படி எழுதணும்?"

திலகவதி டீச்சர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார்கள்.

"அஞ்சுன்னே எழுது" என்றார்கள். "கீழ நானும் கையெழுத்துப் போடுறேன்."